முதியோரின் சுதாரிப்பை யார் அளப்பது?

அறுபதைக் கடந்த ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். எடை பார்த்து, சீட்டில் எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டோடு வெளியே வரும்போது வாசல்படியில் கால் தடுக்கினால் அவர் சுதாரித்து நிற்பாரா, விழுவாரா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் அதைப் பார்க்க ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, ஸ்கேன் வேண்டியதில்லை. கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி, மூன்று மீட்டர் வெறுந்தரை, கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும்.

பிறகு ஏன் பார்ப்பதில்லை? 'வயசானா அப்படித்தான்' என்று மருத்துவரும் சொல்கிறார், மகனும் சொல்கிறார், அந்தப் பெரியவரும் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார். சர்க்கரை நோயும் பெரும்பாலும் வயதானால் வருவதுதான். அதை நாம் அப்படி விட்டுவிடுகிறோமா? அளக்கிறோம், எண்ணாக எழுதுகிறோம், மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கிறோம். உடலின் வேகமும் லாவகமும் குறைவதையும் அதேபோல எண்ணாக எழுதத் தொடங்கினால்தான் அதற்கு வைத்தியம் பார்க்க முடியும். எழுதாத வரை அது வெறும் 'வயசு'.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் மிகப் பெரிய பங்கு அறுபதைத் தாண்டியவர்கள். தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அறுபதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், 2021-க்கான மதிப்பீட்டில் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்தபடியாக வேகமாக மூப்படையும் பெரிய மாநிலம் நம்முடையது. புள்ளிவிவரம் கிடக்கட்டும். 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க, இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சு, அதுக்கப்புறம் எழுந்திரிக்கவே இல்ல' என்று ஒரு பாட்டியைப் பற்றியாவது சொல்லாத குடும்பம் உண்டா?

வழுக்கியது தரைதான். ஆனால் அதே தரையில் பேத்தியும் வழுக்குகிறாள், விழாமல் சமாளித்துக்கொள்கிறாள். கால் இடறிய செய்தி பாதத்திலிருந்தும் கணுக்காலிலிருந்தும் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போக வேண்டும். உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உள்காதும் கண்ணும் சொல்ல வேண்டும். எந்தக் காலை எடுத்து எங்கே வைப்பது என்று முடிவாக வேண்டும். தொடைத் தசை சட்டென்று அந்தக் காலை வீசி முன்னால் வைத்து மொத்த உடம்பின் பாரத்தையும் வாங்க வேண்டும். இவ்வளவும் ஒரு விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். முடிந்தால், 'அப்பா, தப்பிச்சேன்' என்று சொல்லிவிட்டு நடக்கலாம்.

இதில் தாமதம் எங்கே நடக்கிறது? 'நரம்புத் தளர்ச்சி' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வோம். உண்மையில் நரம்பின் வழியே செய்தி போகும் வேகம் வயதால் பெரிதாகக் குறைவதில்லை. விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகும் செய்தி ஒன்றரை மீட்டரைக் கடக்க விநாடியில் ஆயிரத்தில் 30 பங்கு ஆகும். வேகம் பத்து சதவீதம் குறைந்தால் 33 பங்கு ஆகும். அந்த மூன்று பங்கினால் யாரும் விழுவதில்லை. பெரும் தாமதம் முடிவெடுக்கும் இடமான மூளையில் நடக்கிறது, அடுத்தது தசையில். நம் தசையில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் நார்களும் உண்டு, வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைக்கும் நார்களும் உண்டு. வயதாகும்போது அதிகமாக மெலிவது இரண்டாவது வகை. 'தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிதானமான நடை முதல் வகை நாரைத்தான் வேலை வாங்குகிறது. தடுமாறும்போது காலை வீசி வைக்கத் தேவைப்படுவது இரண்டாவது வகை.

மனிதர்களின் எதிர்வினை நேரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதே உலகத்துக்கு ஒரு வேலைநீக்கத்தால்தான் தெரியவந்தது. 1796-ல் இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில் தலைமை வானியலாளர் நெவில் மாஸ்கலின், தன் உதவியாளர் டேவிட் கின்னிபுரூக்கை வீட்டுக்கு அனுப்பினார். தொலைநோக்கியின் கம்பியை நட்சத்திரம் கடக்கும் நேரத்தைக் கின்னிபுரூக் 0.8 விநாடி தாமதமாகக் குறிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டுச் சோதித்தபோது, பெயர்பெற்ற வானியலாளர்களுக்குள்ளேயே இப்படி வித்தியாசம் இருப்பது தெரிந்தது. 1868-ல் டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் இன்னொரு படி மேலே போனார். என்ன வரப்போகிறது என்று தெரிந்து காத்திருந்து செய்வதற்கு ஆகும் நேரம் ஒன்று. வருவது எது என்று பார்த்து, அதற்கேற்பத் தேர்ந்து செய்வதற்கு ஆகும் நேரம் வேறொன்று. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் மூளை தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட நேரம் கிடைத்துவிடும் என்றார்.

முதுமையைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவு மிக முக்கியம். பிரிட்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பொத்தான் பெட்டி கொடுத்து இரண்டையும் அளந்தார்கள். ஒரே பொத்தானை அழுத்தும் வேகம் ஏறக்குறைய ஐம்பது வயதுவரை பெரிதாக மாறவில்லை. அதன் பிறகுதான் இறங்கியது. தேர்ந்து அழுத்தும் வேகமோ இளமையிலிருந்தே படிப்படியாகக் குறைந்துகொண்டு வந்தது. அதோடு, ஒரே ஆள் பலமுறை செய்யும்போது ஒருமுறை வேகம், ஒருமுறை மந்தம் என்ற ஏற்ற இறக்கமும் வயதோடு கூடியது. சராசரியைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் எனக்குக் கவலையளிக்கிறது. பத்து தடவை சுதாரித்தவர் பதினோராவது தடவை விழுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

வீட்டிலேயே அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்து முப்பது செ.மீ. அடிக்கோல் போதும். ஒருவர் கோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதன் அடியில், பூஜ்யம் இருக்கும் இடத்தில், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாமவர் சொல்லாமல் கோலை விடுவார். எந்த இடத்தில் பிடிபட்டது என்று பார்த்தால் நேரம் தெரிந்துவிடும். பூமி எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் இழுக்கிறது. 15 செ.மீ.யில் பிடித்தால் 0.175 விநாடி. 20 செ.மீ. என்றால் 0.2 விநாடி. முப்பதும் தப்பிக் கோல் தரையில் விழுந்தால் கால் விநாடிக்கு மேல். நான்கைந்து தடவை செய்து நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டுத் தாத்தாவைக் கேலி செய்வது முறையில்லை. இதற்கென்று கைபேசிச் செயலிகளும் இருக்கின்றன. அவை உங்கள் விரலை மட்டும் அளப்பதில்லை, உங்கள் கைபேசித் திரையின் மந்தத்தையும் சேர்த்தே அளக்கின்றன. அடிக்கோல் நம்பகமானது.

ஆனால் அடிக்கோலுக்கும் ஓர் எல்லை உண்டு. அது விரலின் வேகம். என்ன வரும் என்று தெரிந்து காத்திருக்கும் வேகம். அதை மட்டும் வைத்து ஒருவரை 'தளர்ந்துவிட்டார்' என்று முத்திரை குத்துவது தவறு. 1984-ல் அமெரிக்க உளவியலாளர் திமோத்தி சால்ட்ஹவுஸ் தட்டச்சர்களை ஆராய்ந்தார். பத்தொன்பது வயதுப் பெண்ணிலிருந்து எழுபதைத் தாண்டியவர்வரை அதில் இருந்தார்கள். எதிர்வினை நேரத்தில் முதியவர்கள் எதிர்பார்த்தபடியே பின்தங்கினார்கள். தட்டச்சு வேகத்தில் பின்தங்கவில்லை! எப்படி என்று பார்த்தால், அடிக்கும் எழுத்துக்கு எத்தனையோ எழுத்து முன்னாலேயே அவர்கள் கண் போய்க்கொண்டிருந்தது. விரல் மெதுவாகிவிட்டதை அனுபவம் ஈடுகட்டிவிட்டது. 'ஹையர்' பாஸ் பண்ணி அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டு தட்டச்சு செய்த அக்காமார்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. தாளைப் பார்த்தபடி மேலதிகாரிக்குப் பதிலும் சொல்வார்கள், கை நிற்காது. வயதானவர்கள் வேகத்தைக் குறைத்துத் தவறைக் குறைக்கிறார்கள் என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியும் செய்தி. அதனால் வேலைக்கோ பதவி உயர்வுக்கோ வயதானவரின் பொத்தான் வேகத்தை அளக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் அதை எதிர்க்க வேண்டும்.

தட்டச்சில் முன்கூட்டியே பார்க்கலாம். வழுக்குவதை முன்கூட்டியே பார்க்க முடியாது. அங்கே அனுபவம் கைகொடுப்பதில்லை. ஆகவே அளக்க வேண்டியது விரலை விடக் காலை. காத்திருந்து செய்வதை விடத் திடீரென்று திரும்புவதை, எழுவதை, தாண்டுவதை.

எழுந்து நடக்கும் சோதனை 1986-ல் வந்தது. 1991-ல் அதற்கு நேரக் கணக்கைச் சேர்த்தவர்கள் கனடாவைச் சேர்ந்த பொட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் 'எழுந்திருங்க' என்றதும் எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து, மறுபடி உட்கார வேண்டும். வழக்கமான நடை, வழக்கமான செருப்பு. ஊன்றுகோல் வைத்திருப்பவர் ஊன்றுகோலோடு நடக்கலாம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் எடுத்துக்கொள்கிறது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். பத்திரிகையில் இதைப் பற்றிப் படித்துவிட்டு, 'நம்மையும் அளந்து பாருப்பா' என்று அவரே கூப்பிட்டார். ஹாலில் தரை ஓட்டை எண்ணி மூன்று மீட்டருக்குச் சாக்பீஸ் கோடு போட்டேன். முதல் முறை பதினோரு விநாடிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். முகத்தில் பெருமை. ஆனால் கவனிக்க வேண்டியது அந்த எண்ணுக்குள் இருந்தது. எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றினார். கோட்டில் திரும்புவதற்குச் சின்னச் சின்னதாக ஆறேழு அடி எடுத்துவைத்தார். 'சார், இப்ப நடந்துகிட்டே நூறிலிருந்து மூணு மூணா கழிச்சிச் சொல்லுங்க' என்றேன். 'நான் கணக்கு வாத்தியார்ப்பா, என்கிட்டயேவா?' என்று எழுந்தார். தொண்ணூற்றேழு, தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஒண்ணு. கோட்டுக்கு வந்ததும், 'இரு, இரு' என்று நின்றுவிட்டார். எண்பத்தெட்டு என்று சரியாகச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார். கணக்கு தப்பவில்லை, கால் நின்றுபோனது. 'காலிங்பெல் அடிச்சா இவரு போய்த் திறக்கறதுக்குள்ள கூரியர் பையன் அடுத்த தெருவுக்குப் போயிடுறான்' என்றார் அவர் மனைவி சமையலறையிலிருந்து. அந்த அம்மாவுக்கு ஸ்டாப்வாட்ச் தேவைப்படவில்லை.

பேசினால் நடை நிற்பது சாதாரண விஷயமாகத் தெரியும். சுவீடனின் உமியோ நகரத்தில் முதியோர் இல்லத்து வாசிகள் 58 பேரை நடக்கவிட்டுப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பேசும்போது 12 பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் விழுந்தார்கள். 1997-ல் லான்செட் இதழில் வந்த மிகச் சிறிய ஆய்வு அது. சிறிய ஆய்வு என்பதால் அதையே வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நடப்பது, தானாக நடக்கும் காரியமாக இல்லாமல் கவனம் செலவழித்துச் செய்யும் காரியமாக மாறிவிட்டதை இதைவிட மலிவாகக் கண்டுபிடிக்க வழியில்லை. நம் முதியோர் நடப்பதோ ஆட்டோ ஹாரன், படுத்திருக்கும் நாய், மூடியில்லாத சாக்கடை, எதிரில் வந்து 'எப்படி இருக்கீங்க' என்று கேட்கும் பழைய நண்பர் எல்லாம் ஒரே நேரத்தில் கவனத்தைப் பிடுங்கும் தெருக்களில்.

லாவகத்தை அளக்க எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியர்கள் டைட்டும் டெம்பிளும் 2002-ல் சொன்ன நான்கு கட்டச் சோதனை. நான்கு கைத்தடிகளைக் கூட்டல் குறிபோலத் தரையில் போட்டால் நான்கு கட்டம் கிடைக்கும். முதல் கட்டத்தில் நின்று, முன்னால், வலப்பக்கம், பின்னால், இடப்பக்கம் என்று தடியை மிதிக்காமல் தாண்டிச் சுற்றி வந்து, அதே வழியில் எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். முகம் கூடியவரை முன்பக்கமே பார்த்திருக்க வேண்டும். 15 விநாடிக்கு மேல் ஆகிறவர்கள் அடிக்கடி விழுகிறவர்களாக இருந்தார்கள். நாம் வீட்டில் விழுவதெல்லாம் பெரும்பாலும் நேராக நடக்கும்போதா? பின்னால் ஓர் அடி வைத்து பீரோ கதவைத் திறக்கும்போது, பக்கவாட்டில் நகர்ந்து வாளியைத் தாண்டும்போது. நேர்நடைச் சோதனை இதைப் பிடிக்காது, இது பிடிக்கும். செலவு நான்கு தடி. பக்கத்தில் கைகொடுக்க ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

சிட்னியில் ஸ்டீபன் லார்ட் குழுவினர் இன்னும் நுட்பமாகச் செய்கிறார்கள். விழும் அபாயத்தைப் பார்வை, பாத உணர்வு, தொடை வலு, எதிர்வினை நேரம், நிற்கும்போது உடல் ஆடும் அளவு என்று பிரித்து, எந்த இடத்தில் ஓட்டை என்று சொல்கிறார்கள். பயன் அங்கேதான் இருக்கிறது. ஒரு மொத்த எண் பயமுறுத்தும். பிரித்த எண் வழிகாட்டும்.

ஏனென்றால் மந்தத்துக்குப் பின்னால் வயது மட்டும் இருப்பதில்லை. பல வருடங்களுக்கு முன் யாரோ எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் தூக்க மாத்திரை இன்னும் இரவு தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையில் குளோர்பெனிரமின் இருக்கும். அது அடுத்த நாள் பகலிலும் மூளையை மந்தமாக்கும். ரத்த அழுத்த மாத்திரையின் அளவு கூடிப்போய், எழுந்ததும் கண் இருட்டும். நீண்ட காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறைந்து பாத உணர்வு மங்கலாம். சர்க்கரையே நரம்பைத் தின்றிருக்கலாம். கண் புரை முற்றியிருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை அல்லது மேலும் மோசமாகாமல் நிறுத்தக்கூடியவை. 'வயசு' என்று முடித்துவிட்டால் அந்தத் தூக்க மாத்திரையை யார் நிறுத்துவது?

மருந்தைத் திருத்திய பிறகு மிஞ்சுவதற்குப் பயிற்சி இருக்கிறது. 108 ஆய்வுகளையும் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியோரையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2019 அறிக்கை, உடற்பயிற்சி விழும் எண்ணிக்கையை 23 சதவீதம் குறைக்கிறது என்கிறது. பலன் தந்தவை சமநிலைப் பயிற்சி, எழுந்து உட்காரும் பயிற்சி, அவற்றோடு சேர்த்துச் செய்த தசை வலுப் பயிற்சி, சீனத்துத் தாய்ச்சி போன்றவை. வெறும் நடைப்பயிற்சி போதும் என்பதற்கு அதில் தெளிவான சான்று கிடைக்கவில்லை. நம் கும்மியிலும் பக்கவாட்டு அடி, குனிந்து நிமிர்தல், திரும்புதல் எல்லாம் இருக்கின்றன. இதை வைத்து ஓர் ஆய்வு செய்ய நம் பிசியோதெரபி கல்லூரிகளுக்கு என்ன தடை என்று தெரியவில்லை. இன்னொரு பக்கம் 'மூளை விளையாட்டு' வியாபாரம். முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்த லூமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாமல் அப்படிச் சொன்னதற்காக 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. வீட்டில் கைபேசியில் பபுள் உடைத்துக்கொண்டிருக்கும் தாத்தா சந்தோஷமாக உடைக்கட்டும். அவர் தொடைத் தசை அதனால் வளராது.

வாகனம் ஓட்டுவதைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் ஸ்கூட்டர் கால் விநாடியில் ஏறத்தாழ 2.8 மீட்டர் ஓடிவிடும். குழந்தை குறுக்கே வந்தால் அந்த 2.8 மீட்டரில் எல்லாமே அடக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 55 வயதைக் கடந்தவர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கிறார்கள். மருத்துவர் கையெழுத்திடும் படிவம் 1ஏ, 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பு, பச்சை தெரிகிறதா, காது கேட்கிறதா, மாலைக்கண் உண்டா, கைகால் குறை உண்டா என்று கேட்கிறது. எவ்வளவு சீக்கிரம் பிரேக் பிடிப்பீர்கள் என்று கேட்பதில்லை. அந்தப் படிவமும் எப்படி நிரப்பப்படுகிறது என்பது ஓட்டுநர் பள்ளி வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். 2019-ல் டோக்கியோவின் இகேபுகுரோவில் 87 வயது ஓட்டுநரின் கார் ஒரு தாயையும் மூன்று வயது மகளையும் கொன்றது. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவாற்றல் சோதனையை 2009-லேயே கொண்டுவந்திருந்த ஜப்பான், 2022 முதல் குறிப்பிட்ட விதிமீறல்கள் செய்த மூத்த ஓட்டுநர்களை வண்டியை ஓட்டிக் காட்டவும் சொல்கிறது. தானாக முன்வந்து உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பவர்களுக்குப் பல ஊராட்சிகளில் பேருந்துக் கட்டணச் சலுகையும் உண்டு. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் நாம் இறக்குமதி செய்தால் அது அநியாயம். பேருந்து இல்லாத ஊரில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். சாவியைப் பிடுங்குவது ஒரு பெரியவரை வீட்டுச் சிறையில் வைப்பதற்குச் சமம். வயதை வைத்துத் தடை போடாமல், ஐந்து ஆண்டுக்கொருமுறை வேகத்தை அளந்து, முடியாதவர்களுக்கு மாற்று வழி செய்து கொடுப்பதே நியாயம்.

மனிதரை அளப்பதோடு தெருவையும் அளக்க வேண்டும். இங்கிலாந்தில் பாதசாரி சிக்னல்கள் விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்து அமைக்கப்பட்டிருந்தன. 65 வயதைத் தாண்டியவர்களின் நடையை அளந்து பார்த்தபோது ஆண்களில் 84 சதவீதமும் பெண்களில் 94 சதவீதமும் அந்த வேகத்தில் நடக்கவில்லை என்று 2012-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. தவறு அத்தனை முதியவர்களிடமுமா, சிக்னலிடமா? சிங்கப்பூர் 2009-லேயே இதற்கு வழி கண்டது. மூத்த குடிமக்கள் தங்கள் சலுகை அட்டையை சிக்னல் கம்பத்தில் வைத்தால், பச்சை மனிதன் 3 முதல் 13 விநாடிவரை கூடுதலாக எரிவான். சென்னையில் 2024-ல் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் மற்ற பேருந்துகளில், ஒரு கால் படியிலும் ஒரு கால் சாலையிலும் இருக்கும்போதே விசில் ஊதப்படுகிறது. கண்டக்டருக்கு நேர நெருக்கடி, புரிகிறது. அந்த இரண்டு விநாடியைப் போக்குவரத்துக் கழகத்தின் நேர அட்டவணை கொடுத்தால்தான் கண்டக்டர் கொடுக்க முடியும்.

நம்மிடம் இதற்கான ஆட்கள் இல்லை, கட்டமைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. முதியோருக்கென்று தனிப் புறநோயாளிகள் பிரிவை இந்தியாவிலேயே முதன்முதலாக 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கியவர் டாக்டர் வ.செ.நடராசன். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. மத்திய அரசின் முதுமை ஆய்வு 2017-18-லேயே நாடு முழுவதும் வீடு வீடாகப் போய்ப் பிடிவலுவையும் நான்கு மீட்டர் நடையையும் சமநிலையையும் அளந்திருக்கிறது. சாதாரணக் களப்பணியாளர்களே இதைச் செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. அதன் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரைக் கருவியும் எடுத்துக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். பிசியோதெரபி தருபவரும் அதே திட்டத்தில் இருக்கிறார். வாசல்வரை வந்தவர் இன்னும் ஐந்து நிமிடம் நின்று, 'பாட்டி, அந்தச் சேர்ல உட்கார்ந்து எழுந்து நடந்து வாங்க' என்று சொன்னால் போதும்.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு இது என் கோரிக்கை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எழுதும் அதே அட்டையில் 'எழுந்து நடக்கும் நேரம்', 'நான்கு கட்ட நேரம்' என்று இரண்டு கட்டங்களைச் சேர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும். யாரையும் அமெரிக்கச் சராசரியோடு ஒப்பிட வேண்டியதில்லை. போன முறை பத்து விநாடி, இந்த முறை பதிமூன்று என்றால் அதுவே எச்சரிக்கை. அப்படிப்பட்டவரின் மாத்திரைப் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்குப் போக வேண்டும். புதிய கட்டடமோ புதிய இயந்திரமோ இதற்குத் தேவையில்லை.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பா அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து நேரம் பாருங்கள்; பக்கத்திலேயே நில்லுங்கள். காலண்டர் தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அடுத்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், மெடிக்கலில் தானாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.